பின்னால் எதுவும் மாட்டவில்லை

வண்டியை வாங்க ஆள் வருகிற அன்று காலையில் என் ஓரகத்தி அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

கழுவினாள் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் பார்த்தவளுக்கல்லவா தெரியும்! சக்கர வளைவுக்குள் கையை விட்டுச் சேற்றை விரலால் வழித்தாள். கதவு இடுக்கில் இருந்த தண்ணீரைப் பழைய பனியனால் ஒற்றி எடுத்தாள். கைவிட்டுப் போகிற வண்டிக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு என்ற கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் படித்து எங்கள் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் அதற்குள் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம்.

எங்கள் குடும்பத் தொழில் இழுவை. படகு, ஜெனரேட்டர், நடுவழியில் மக்கர் செய்த கார் என்று எதுவானாலும் ட்ரெய்லரில் ஏற்றி, டீசல் பிக்கப்பின் பின்னால் மாட்டி, சொன்ன இடத்தில் கொண்டுபோய் விடுவோம். அண்ணன், தம்பி இரண்டு பேர் ஆரம்பித்த தொழில். தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். போன் எடுப்பதும், கோபமாகப் பேசுகிற வாடிக்கையாளர்களைக் குளிரவைப்பதும் என் பொறுப்பு. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவளைத்தான் ஓரகத்தி என்றேன். எனக்கு அவள் அக்கா. ஸ்டியரிங்கைப் பிடித்தால் இரண்டு ஆண்களும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டியதுதான்.

எங்களிடம் இரண்டு பிக்கப்புகள் இருந்தன. ஒன்றை ‘பழசு’ என்போம், இன்னொன்றை ‘புதுசு’ என்போம். போன வருஷம் ஒரு நாள் மூத்தவர், அதாவது அக்காவின் கணவர், புதுசில் எங்கள் ட்ரெய்லரை மாட்டினார். ஒரு வாடிக்கையாளரின் படகை ஏற்றிக்கொண்டு, கடற்கரையில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

படகு கடற்கரைக்குப் போகவில்லை. அவரும் வீட்டுக்கு வரவில்லை. வண்டி, ட்ரெய்லர் எதுவும் கிடைக்கவில்லை.

படகை விற்றுவிட்டு யாரோடோ ஓடிவிட்டார் என்று தெருவில் பேசினார்கள். போலீசில் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். கடைசியில் என் வீட்டுக்காரரும் சொல்ல ஆரம்பித்தார். “அண்ணன் நம்மளை ஏமாத்திட்டாரு. அவ்வளவுதான். விடுங்க.”

அக்கா மட்டும் விடவில்லை. ஓடிப்போனவனின் பெண்டாட்டி என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு பழசை ஓட்டினாள். அந்தப் பழசுதான் இப்போது ஏரிச் சாலையில் போனால், பின்னால் எதுவுமே இல்லாதபோதும் பாரம் இழுப்பதுபோல் முக்குகிறது, திணறுகிறது, கரும்புகை விடுகிறது. காஸ் சிலிண்டர் வாங்கப் போன அக்கா வியர்த்து விறுவிறுத்துத் திரும்பிவந்ததோடு போன வாரம் கதையை நிறுத்தியிருந்தேன்.

சரி, பழைய ஆட்கள் வந்துவிட்டீர்கள் அல்லவா?

வாசலில் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். அவருக்குத் தொழில் வட்டாரத்தில் ‘லிட்டர்’ என்று பெயர். இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வருகிற மனிதர். ஒரு தெரு சுற்றிப்போனாலும் அன்றைக்கு முழுவதும் டீசல், டீசல் என்று புலம்புவார்.

“அண்ணி, இவ்வளவு தேய்ச்சா பெயின்ட் போயிடும்.”

“போகட்டும் தம்பி. அடியில உங்க அண்ணன் அடிச்ச பெயின்ட் இருக்கும். அதைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் துணி உலர்த்துகிற கொடியைப் பார்த்தேன்.

“இது குடிக்கிற டீசலுக்கு இன்னொரு குடும்பத்தையே வளர்க்கலாம் அண்ணி.”

“அது குடிச்சுத்தான் நம்ம எல்லாரையும் வளர்த்துச்சு.”

“டர்போ மாத்தியாச்சு. இன்ஜெக்டர் மாத்தியாச்சு. கிளட்ச் மாத்தியாச்சு. இனிமே மாத்த வேண்டியது வண்டியைத்தான்.”

“எல்லாத்தையும் மாத்தினதாலதான் இப்ப புதுசு மாதிரி இருக்கு. இந்த நேரம் பார்த்து விக்கிறீங்களே, இதுதான் உங்க கணக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

“பாரத்தோட மேட்டுல ஏறும்போது இது நின்னுட்டா என்ன ஆகும் தெரியுமா? பின்னாடி இருக்கிறது வண்டியையும் சேர்த்துக் கீழ இழுத்துட்டுப் போயிடும். சக்கரம் சுத்தும், புகை வரும், ஆனா வண்டி பின்னாலதான் போகும். பிரேக் பிடிச்சாலும் நிக்காது. அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது அண்ணி.”

சொல்லி முடிக்கும்போது அவர் குரல் கம்மிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். அக்காவின் மேல் இத்தனை அக்கறையா என்று நான் உருகிப்போனேன். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் சில நேரங்களில் இப்படி உருகிவிடுகிறேன்.

அக்கா கொட்டகைக்குள் போய்த் துணியைப் போட்டாள். அங்கே ஸ்பானர்கள் தொங்குகிற பலகையின் மேல் ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் இருக்கிறது. காய்ந்து கட்டியாகிப்போன சிவப்பு. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அந்த பாட்டிலுக்கு ஒரு கதை உண்டு. தண்ணீரில் ட்ரெய்லரை இறக்குவதற்கு முன்னால், அதன் பின்விளக்குகளுக்குப் போகிற ஒயரின் பிளக்கை வண்டியிலிருந்து உருவிவிட வேண்டும் என்பது மூத்தவர் போட்ட சட்டம். பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடாகியிருக்கிற பல்பு, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் வெடித்துவிடும். என் வீட்டுக்காரர் ஒருமுறை உருவ மறந்தார். இடப்பக்க விளக்கு வெடித்து, சிவப்புக் கண்ணாடியும் சேர்ந்து போயிற்று. புதிய விளக்கு வரும்வரைக்கும் மூத்தவர் ஒரு வெள்ளைக் கண்ணாடியைப் பொருத்தி, அக்காவின் நெயில் பாலிஷை அதன்மேல் பூசினார்.

“யாராவது கேட்டா, என் பொண்டாட்டியோட விரல்னு சொல்லிடுறேன்.”

புதிய விளக்கு வாங்கவே இல்லை. எங்கள் ட்ரெய்லரின் பின்னால் ராத்திரியில் வருகிறவர்களுக்கு வலப்பக்கம் சிவப்பாகவும் இடப்பக்கம் ரோஜா நிறமாகவும் தெரியும். அந்த ட்ரெய்லர் இருந்தவரைக்கும் அதை வைத்தே எங்கள் வண்டியை அடையாளம் கண்டு ஹார்ன் அடிப்பார்கள்.

மதியத்துக்கு முன்னால் மெக்கானிக் வந்தார். வாங்குகிறவர் கேள்வி கேட்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர்தான் வரச் சொல்லியிருந்தார். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“நோயாளி நல்லாத்தான் இருக்காரு. நோய்தான் எங்க இருக்குன்னு தெரியலை.”

“ஏரிச் சாலையில மட்டும்தான் வருது” என்றாள் அக்கா.

“ரோட்டுக்குத் தகுந்த மாதிரி நோய் வர்ற இன்ஜினை நான் பார்த்ததில்லைம்மா.”

பிறகு அவர் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். பம்பருக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் குண்டு, அதன்மேல்தான் ட்ரெய்லரின் கழுத்து வந்து உட்காரும். அதை விரலால் தொட்டார்.

“இழுவைக்கு எடுத்து ரொம்ப நாளாச்சுன்னு சொன்னீங்களே.”

“ஆமா. மழைக்காலம் முடிஞ்சதுல இருந்து எதையும் மாட்டலை” என்றாள் அக்கா.

“அப்ப இது துருப்பிடிச்சுல்ல இருக்கணும்? பளபளன்னு இருக்கு பாருங்க. இன்னிக்குக் காலையில வரைக்கும் ஏதோ மேல உட்கார்ந்து தேய்ச்ச மாதிரி.”

நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். உண்மைதான். குண்டின் உச்சி கண்ணாடிபோல் மின்னியது. அதன் கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. மெக்கானிக் துணியால் துடைத்து மூக்கருகே கொண்டுபோனார்.

“பாசி.”

“காலையில நான் கழுவினேன்” என்றாள் அக்கா மெதுவாக. “இதையும் தேய்ச்சுத்தான் கழுவினேன்.”

என் வீட்டுக்காரர் துணியைப் பிடுங்கி வீசினார். “கழுவின தண்ணி தேங்கியிருக்கும். இதைப் போய்ப் பெருசுபடுத்திக்கிட்டு! வாங்க வர்றவர் முன்னால யாரும் வாயைத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

காலையில் கழுவிய தண்ணீரில் மதியத்துக்குள் பாசி பிடிக்குமா?  மெக்கானிக் கூலியைக்கூடக் கேட்காமல் கிளம்பினார். அவர் அப்படிப்பட்டவர் அல்ல.

வெயில் தாழ்ந்த பிறகு வாங்குகிறவர் வந்தார். ஜெனரேட்டர்களை வாடகைக்கு விடுகிறவர். ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போக நம்பகமான வண்டி வேண்டுமாம். கனத்த உடம்பு, கணீர்க் குரல். வண்டியைச் சுற்றிவந்து டயரை உதைத்துப் பார்த்தார். உதைத்தால் டயருக்கு என்ன தெரியும் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

“எனக்குப் பழைய இன்ஜின்தான் பிடிக்கும்” என்றார். “புது வண்டில இருக்கிற சென்சார் எல்லாம் பிள்ளைங்க மாதிரி. எதுக்கு அழுவுதுன்னே தெரியாது. இது நிக்கப்போகுதுன்னா முன்னாடியே முனகிக் காட்டிடும். செலவு வரும், ஆனா துரோகம் பண்ணாது. என்ன சொல்றீங்க?”

அக்கா தலையாட்டினாள். “துரோகம் பண்ணாது” என்றாள்.

“ஒரு மேட்டுல ஏத்திப் பார்த்துடலாம். கிட்டத்துல மேடு எங்க இருக்கு?”

“ஏரிச் சாலைதான்” என்றேன் நான்.

“அது வேணாம்” என்றார் என் வீட்டுக்காரர். “மேம்பாலம் வழியா சுத்திப் போயிடலாம்.”

“மேம்பாலமா? அது ஊரையே சுத்தணுமே. டீசல் யாரு போடுறது?”

“நான் போடறேன்.”

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. லிட்டர் டீசல் போடுகிறாராம்! அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த ஒரு வருஷமாக, ஏரிச் சாலையில் போனால் சட்டென்று முடிந்துவிடும் வேலைக்குக்கூட இவர் மேம்பாலத்தைச் சுற்றித்தான் போகிறார். ரோடு சரியில்லை என்பார். அந்தச் சாலையைப் புதிதாகப் போட்டு வெகுநாளாகிறது.

வாங்குகிறவர் விடவில்லை. “காசு கொடுக்கிறவன் நான். எனக்கு மேடுதான் வேணும்.”

நாலு பேரும் ஏறினோம். அவர் ஓட்டினார். பக்கத்தில் என் வீட்டுக்காரர். பின்சீட்டில் அக்காவும் நானும்.

வீதிகளில் வண்டி வெண்ணெய்போல் போயிற்று. ஏரிச் சாலையில் திரும்பியபோது வானம் மூடியிருந்தது. இடப்பக்கம் ஏரி, அசையாத சாம்பல் நிறத் தண்ணீர். நல்ல மழைக்குப் பிறகு கரை தெரியாத அளவுக்கு ஏறியிருந்தது. தூரத்தில், சாலையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பழைய சிமெண்டுச் சரிவு வந்தது. ஒரு காலத்தில் அதில்தான் படகுகளை இறக்குவார்கள். புதிய துறை கட்டிய பிறகு அதை மூடி, குறுக்கே ஒரு சங்கிலியை மாட்டிவிட்டார்கள்.

“அந்தச் சரிவு இன்னும் இருக்கா?” என்றார் வாங்குகிறவர். “அதுலயே ஒருதடவை இறங்கி ஏறிப் பார்க்கலாமே.”

“எனக்கு அதைப் பத்தித் தெரியாதுங்க” என்றார் என் வீட்டுக்காரர். “அந்தச் சரிவுல நான் காலே வெச்சதில்லை.”

சங்கிலி மாட்டிய இடத்தைக் கடந்து மேட்டில் ஏறினோம். வண்டி கனத்தது.

வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இன்ஜின் தாழ்ந்த குரலில் உறுமியது. வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் லேசாகத் தூக்கியது. வாங்குகிறவர் கியரைக் குறைத்தார். பிறகு மறுபடியும் குறைத்தார். டெம்பரேச்சர் முள் மேலே ஏறத் தொடங்கியது. மேட்டின் வளைவில் அவர் பிரேக்கைத் தொட்டபோது, பின்னாலிருந்து ஏதோ எங்களை முட்டித் தள்ளியது. ட்ரெய்லர் மாட்டியிருந்தால் வருகிற அதே முட்டல். இழுவைக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு அது முதுகிலேயே தெரியும்.

அக்கா என் கையைப் பிடித்தாள். 

“நல்லா இழுக்குதுங்க” என்றார் வாங்குகிறவர் திருப்தியாக. “பாரத்தோட எப்படிப் போகுதுன்னு பார்த்தாச்சு. இப்ப பின்னாடி இருக்கிறதைக் கழட்டிடுங்க. வெறும் வண்டியா ஒருதடவை ஓட்டிப் பார்த்துடறேன்.”

அக்கா பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னங்க? கழட்ட எவ்வளவு நேரம் ஆகப்போகுது?”

“பின்னாடி எதுவும் மாட்டலைங்க” என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். கண்ணாடியில் பார்த்தார். வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பின்பக்கம் போனார். அங்கே அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. திரும்பிவந்தபோது முகம் பேயறைந்தது போல் இருந்தது. கணீர்க் குரல் எங்கே போயிற்றோ, சாவியை ஜன்னல் வழியாக என் வீட்டுக்காரர் மடியில் போட்டார்.

“நான் நடந்தே போய்க்கிறேன்.”

“சார், நில்லுங்க, விலையைப் பத்திப் பேசலாம்...”

“எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குய்யா.”

அந்தக் கனத்த உடம்பால் அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அக்கா இறங்கி முன்னால் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். என் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார்.

“வீட்டுக்குப் போலாம் அண்ணி. நேரா முன்னாடி போய்ச் சுத்திக்கலாம்.”

அவள் வண்டியை ஸ்டார்ட் செய்து பின்னோக்கி எடுத்தாள். முன்னோக்கிப் போகும்போது திணறிய வண்டி, பின்னோக்கிப் போகும்போது பூப்போல் நகர்ந்தது. அவள் நிறுத்தினாள். முன்னால் எடுத்தாள். இன்ஜின் உறுமியது. மறுபடி பின்னால் எடுத்தாள். உறுமல் அடங்கியது.

“பார்த்தியா?” என்றாள் என்னிடம். “இது எதையோ மேல கொண்டுவரப் பார்க்குது. ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துலதான். இழுத்து இழுத்துப் பார்த்துட்டு, முடியாம வீட்டுக்கு வந்துடுது.”

“அண்ணி, உளறாதீங்க.”

“நான் உளறினா நீங்க இறங்கிக்குங்க தம்பி.”

அவர் உண்மையிலேயே இறங்கிவிட்டார். சாலை ஓரத்தில் நின்றார்.

பின்னோக்கியே அவள் சங்கிலி வரைக்கும் வந்தாள். நான் இறங்கிச் சங்கிலியைக் கொக்கியிலிருந்து விடுவித்தேன். துருவில் கை சிவந்தது. பிறகு, எங்கள் வேலையில் எப்போதும் செய்வதுபோல், தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்று, அவளுக்குக் கைகாட்டினேன். வா, வா, கொஞ்சம் இடது, வா.  கை தன் பழக்கத்தில் தானாக வேலை செய்தது.

தண்ணீர் பின்சக்கரத்தைத் தொடுவதற்குள் கையை உயர்த்தினேன். நில்.

அவள் நிறுத்தினாள், ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள், இறங்கிவந்து பம்பருக்கருகே குனிந்தாள். பிளக்கை உருவ வந்திருக்கிறாள்! பின்னால் ட்ரெய்லரே இல்லாதபோதும் தண்ணீரைப் பார்த்ததும் அவள் கை அதைத் தேடிற்று. அவர் கற்றுக்கொடுத்த பழக்கம் அப்படி ஊறியிருந்தது.

குனிந்தவள் நிமிரவில்லை.

“மூடி திறந்திருக்கு” என்றாள். “பிளக் சொருகுற ஓட்டையோட மூடி. நான் எப்பவும் மூடித்தான் வைப்பேன். உள்ளே ஈரமா இருக்கு.”

“அக்கா, போயிடலாம். எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான்” என்றாள். போய் உட்கார்ந்து, வண்டியை இன்னும் கொஞ்சம் கீழே விடுவதற்காக ஹேண்ட்பிரேக்கை எடுத்து, பிரேக் பெடலை மிதித்தாள்.

எனக்குப் பின்னால் ஏரிக்குள் வெளிச்சம் வந்தது.

திரும்பினேன். ஆழத்தில், சாம்பல் தண்ணீருக்கு அடியில், இரண்டு விளக்குகள் எரிந்தன. ஒரு வண்டியின் அகலத்துக்குத் தள்ளித்தள்ளி இருந்தன. அவற்றைச் சுற்றித் தண்ணீர் செங்கலைக் கரைத்ததுபோல் இருந்தது.

 என் கை தானாக மேலே போய் நில் என்று காட்டியது. அவள் வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்தாள்.

விளக்குகள் அணைந்தன.

“அக்கா” என்றேன். இன்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். “அக்கா, பிரேக்கை மிதி!”

எரிந்தன.

“விடு!”

அணைந்தன.

“என்னடி ஆச்சு?” ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

“லைட் எரியுது அக்கா. தண்ணிக்குள்ள. நீ மிதிச்சா எரியுது.”

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பெடலை மிதித்தபடியே ஏரியை எட்டிப் பார்த்தாள். பார்க்க வேண்டியதை அவளே பார்த்தாள். ஆனாலும் என்னைத்தான் கேட்டாள். தன் கண்ணை நம்பப் பயந்திருப்பாள்.

“என்ன கலர்?”

“வலப்பக்கம் சிவப்பு.”

“இடப்பக்கம்?”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் மறுபடியும் கேட்டாள். “சொல்லுடி. இடப்பக்கம்?”

“ரோஸ்” என்றேன். “ரோஸ் கலர் அக்கா.”

அவள் ஸ்டியரிங்கின்மேல் தலையைக் கவிழ்த்தாள். தோள்கள் குலுங்கின. கால் மட்டும் பெடலைவிட்டு எழவில்லை. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அழத்தான் செய்தாள். ஆனால் அதற்குள் வேறொன்றும் இருந்தது. ஒரு வருஷமாகத் தலையைக் குனிந்து தெருவில் நடந்தவளின் மூச்சு அது.

“அவரு ஓடிப்போகலை” என்றாள். “கேட்டியா? எங்கேயும் போகலை. நம்ம வீட்டுக்குப் பக்கத்துலயே இருந்திருக்காரு. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி இந்த வண்டிகிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. நான்தான் இன்ஜினைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.”

ஹேண்ட்பிரேக் கரகரவென்று இறுகும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து இறங்கினாள். செருப்பை உதறிவிட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீரை நோக்கி வந்தாள். நான் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் தள்ளாடினோம்.

பெடலில் கால் இல்லை. வண்டியில் யாருமே இல்லை. விளக்குகள் இப்போதும் எரிந்துகொண்டிருந்தன.

“என்னங்க!” என்று கத்தினேன். “வந்து பிடிங்களேன்! உங்க அண்ணன் இங்கதான் இருக்காரு!”

என் வீட்டுக்காரர் மேலே, சாலை ஓரத்திலேயே நின்றார். ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன விளக்கு என்று கேட்கவில்லை. கடற்கரைக்குப் போனவர் எப்படி இங்கே வந்தார் என்று கேட்கவில்லை.

அக்கா என் பிடியிலிருந்து திமிறி இன்னொரு அடி வைத்தாள். அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். முதுகைக் காட்டியபடியே அலறினார்.

“அந்த வெடிப்பைத் தாண்டிப் போகாதீங்க அண்ணி! அங்கதான் வழுக்கும்!”

அக்கா நின்றாள். நானும் நின்றேன். அந்தச் சரிவில் காலே வைத்ததில்லை என்றவர் எந்த வெடிப்பைச் சொல்கிறார்? மேலிருந்து தண்ணீர் விளிம்புவரை சிமெண்டு வழவழவென்று முழுசாக இருந்தது. எந்த வெடிப்பும் இல்லை.

பிறகு நான் தண்ணீருக்குள் பார்த்தேன். எங்கள் பாதங்களுக்கு முன்னால், போன வருஷம் வெளியே தெரிந்திருக்கும், இந்த வருஷம் ஏரி ஏறி மூடிவிட்ட ஆழத்தில், சரிவின் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியது. அடியிலிருந்து வந்த சிவப்பு வெளிச்சத்தில்தான் அது எனக்கே தெரிந்தது.